வைத்தியர் ரெமோன் வெர்ழேஸ் சரிதம்

பெரியோர் சரிதங்களை இப்பத்திரிகையில் எழுதி வரும் நாம், இத்திங்கள் கடல் கடந்த சிறு தீவொன்றைச் சார்ந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தோம். அயல் நாட்டார் ஒருவர் வரலாறு நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். காரைக்காலிலும் புதுவையிலும் கப்பலேறிச் சென்ற தமிழ்க் குடிகளின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவு அது. அவர்கள் நோய்க்கு மருந்திட்டவரும், அவர்கள் கூலிக்காகப் பாரிசு மாநகரத்துச் சபையிலே வழக்காடியவரும் இவரே. ஆகலின் இவர் கதை ஒருவாற்றான் நம் கதையுமாம்.

இவர் பெயரை எழுதுவதிலேயே ஓர் இடர் நேர்ந்தது. பிரெஞ்சு மொழியில் வரும் அவ்வொலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. புதுவையார் அதனை ழகரத்தால் எழுதிப் பழகியுள்ளனர். தமிழுக்கே சிறந்த எழுத்தைப் பிறமொழி ஒலிக்குக் கடனாகத் தருவது எமக்கு முற்றும் உடன்பாடன்று. எனினும் வழக்கு வலிது என்பதை நோக்கி அவ்வாறே எழுதினோம்.

தீவின் பெயர் ரெயூனியன். முற்காலத்தில் பூர்போன் என வழங்கிற்று. மொரீசுத் தீவுக்குத் தென்மேற்கே, 2,512 சதுர கிலோமீட்டர் பரப்பில், நடுவே வான்முட்டும் மலைகளும், இன்னும் தீக்கக்கும் எரிமலை ஒன்றும் உடையது. பிரெஞ்சுக்காரர் குடியேறுமுன் அங்கே மாந்தர் நிலையாக வாழ்ந்ததில்லை. இதனை நம் வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இது பயன்படும். முதலிற் காப்பியும் பின்னர்க் கரும்பும் விளைத்த அத்தீவில், ஆப்பிரிக்காவினின்றும் மடகாஸ்கரினின்றும் கொணர்ந்த அடிமைகளே உழைத்தனர். 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ 60,000 அடிமைகள் விடுதலை எய்தினர். விடுதலை பெற்றோர் பழைய எசமானர் தோட்டங்களை விட்டு நீங்கவே, ஆலை முதலாளிகள் தென்னிந்தியாவை நோக்கினர். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் ஆயிரக்கணக்கில் சென்றனர். 1860ஆம் ஆண்டு ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அப்போக்கு இன்னும் பெருகிற்று. கூலிகள் நடத்தப்பட்ட முறையைக் கேட்டறிந்து 1882ஆம் ஆண்டு ஆங்கில அரசு அதனைத் தடுத்து நிறுத்தியது. அங்கே நம்மவருக்கு மலபார் என்று பெயரிட்டனர். மலையாளக் கரைக்கும் அவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாதிருந்தும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

கப்பல் நின்ற அவ்வாண்டிலேயே, அத்தீவின் தலைநகராகிய சேன் தெனியில் ரெமோன் வெர்ழேஸ் பிறந்தார். முன்னோர் பிரெஞ்சு இனத்தார். எனினும் தோட்டங்களும் ஆலைகளும் உடைய பெருங்குடியினர் அல்லர். கல்வியால் மேனிலை அடைதற்குரிய நடுத்தரக் குடியிற் பிறந்தவர் என்னலாம். இளமையில் பிரான்சு சென்று பொறியியல் கற்றார். சீன தேசத்திலே பொறியியலாளராகத் தொழில் செய்தார். முதல் உலக யுத்தத்தில் போர்க்களம் கண்டார். அதன்பின் மருத்துவம் பயின்று வைத்தியரானார். நாற்பதை அணுகும் பிராயத்தில் தொழிலை மாற்றிக்கொண்டு மீண்டும் மாணவராக அமரத் துணிவோர் சிலரே. நாமும் அப்பிராயத்தை உடையோம். புதிய பாடம் ஒன்று கற்பதென்றால் எம் மனம் படும் பாட்டை நாமே அறிவோம்.

பின்னர் இந்தோசீனாவிலும் சயாம் தேசத்திலும் பணிபுரிந்தார். சயாமின் கீழ்ப்பகுதியில் உள்ள உபோன் என்னும் ஊரில் பிரெஞ்சு அரசின் கொன்சலாக இருந்த காலத்தில் வியத்நாம் நாட்டு மங்கை ஒருத்தியை மணந்தார். அவ்வம்மையார் பெயர் பாம் தி காங். வெள்ளையர் ஆட்சி நடந்த அந்நாளில் அத்தகைய மணம் அதிகார வர்க்கத்தார் முகஞ்சுளிக்கும் செயலாக இருந்தது. அம்மணத்தால் தந்தையார் பதவி இழந்தார் என்று அவர் மைந்தர் பின்னாளில் கூறுவதுண்டு; ஆராய்ந்தோர் சிலர் அதனை ஒப்புவதில்லை. நாமும் அதன்மேல் ஒன்றும் கட்டுவதற்கில்லை. அவ்வம்மையார் வயிற்றில் பவுல், ழாக் என இரு மைந்தர் பிறந்தனர். 1925ஆம் ஆண்டு இருவரும் இரட்டையராகப் பிறந்தனர் எனப் பதிவேடு கூறும். அவர்களுக்கு மழலை தீருமுன்னரே தாய் இறந்தாள். வைத்தியர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிறந்த தீவுக்கே மீண்டார்.

மீண்டவர் நகரத்திலே செல்வர்க்கு நாடி பார்த்துப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ சலாசி என்னும் மலைப்பள்ளத்தில் உள்ள எல்பூர் என்ற ஊரிலும், கீழ்க்கரையில் உள்ள சேன் அந்திரேயிலும் வைத்தியம் பார்த்தார். சேன் அந்திரே நம்மவர் மிகுதியாக வாழும் ஊர். சுற்றிலும் கரும்பு, பூவா ரூழ் என்னும் ஆலையின் புகைக்குழல், தோட்டந்தோறும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் எழுப்பிய சிறு கோயில்கள். 1860ஆம் ஆண்டுகளின் இறுதியில் தீவினுட் புகுந்த மலைக்காய்ச்சல் அப்பொழுதும் ஆண்டுதோறும் உயிர்களை வாரிக்கொண்டு சென்றது. குடிலில் ஓலைப்பாய், வயிற்றில் புழு, கையில் சாராயக் குவளை, இவையே தோட்டக் கூலியின் உடைமைகள். பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிரம்புமுன் மாண்டன. சுகாதாரத் துறையின் தலைமைப் பொறுப்பும் வெர்ழேஸை வந்தடைந்தது. பதவியில் அமர்ந்து கணக்கைப் பார்த்தவர்க்கு ஓர் உண்மை புலனாயிற்று. கொயினா மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும். காய்ச்சலுக்கு இரையாகும் பட்டினி உடலைத் தேற்றாது. கூலி உயராமல் நோய் நீங்காது எனத் தெளிந்த வைத்தியர் அரசியலை நாடினார். நூல் படித்துப் பொதுவுடைமைக் கொள்கைக்கு வந்தோர் பலர். இவர் நோயாளியின் கட்டிலருகே நின்று அதற்கு வந்தவர் என்பது எம் கருத்து.

1936ஆம் ஆண்டு பிரான்சில் இடதுசாரிக் கட்சிகள் கூடி மக்கள் முன்னணி என்னும் பெயரால் ஆட்சிக்கு வந்தன. அதன் அலை ரெயூனியன் கரையிலும் மோதிற்று. துறைமுகத்தாரும் இரயில்வேத் தொழிலாளரும் ஆலையாட்களும் சங்கம் கூட்டினர். அவ்வியக்கத்தில் வெர்ழேஸுக்கு ஒரு துணைவர் கிடைத்தார். அவர் லெயோன் தெ லெப்பெர்வான்ஷ். 1907ஆம் ஆண்டு பிறந்தவர். குலப்பெயர் பிரபுக்களுடையது, தொழிலோ இரயில்வேயிலே. அறுபதை நோக்கிச் செல்லும் வைத்தியரும் முப்பதைக் கடவாத தொழிலாளியும் ஒரே மேடையில் நின்றது அத்தீவார்க்குப் புதுமை. வயதும் கல்வியும் பிரித்த இவ்விருவரையும் இறுதிவரை ஒருங்கு நிறுத்தியது யாது என்பது ஆராயத்தக்கது.

1940ஆம் ஆண்டு பிரான்சு ஜெர்மானியர்க்குத் தோற்றபொழுது தீவின் கவர்னர் விஷி அரசைச் சார்ந்தார். ஆங்கிலேயர் கப்பற் போக்குவரத்தைத் தடுத்தனர். அரிசியும் மருந்தும் துணியும் வரவில்லை. கோணியை உடுத்தும் நிலைக்கு ஏழைகள் வந்தனர். 1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் தெ கோல் பக்கத்துப் போர்க்கப்பலாகிய லெயோப்பார் வந்து தீவை மீட்டது. அன்று லெ போர் என்னும் துறைமுக ஊரிலே லெப்பெர்வான்ஷ் தொழிலாளரைத் திரட்டி, கப்பல் மீது சுட்டுக்கொண்டிருந்த பீரங்கித் தளத்தை நோக்கிச் சென்றார். வெர்ழேஸின் மைந்தர் இருவரும் பதினேழு பிராயத்தினராய்த் தெ கோல் படையிற் சேரக் கப்பலேறினர். ஒரு தந்தை இரு பிள்ளைகளையும் ஒருங்கே போருக்கு அனுப்பிவிட்டு வெறுமனையில் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதுதல் வேண்டா. நம் வீட்டார் உணர்வர். பவுல் 1944ஆம் ஆண்டு பிரான்சு மண்ணிலே பாராசூட் கொண்டு இறங்கிப் போர்செய்தார். இருவரும் உயிருடன் தப்பினர்.

1944ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் வெர்ழேஸ் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் தெமுவாஞாழ். சாட்சியங்கள் எனத் தமிழில் கூறலாம். குரலற்றோர்க்குக் குரலாக இருப்பதே அதன் குறிக்கோள். ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றையோர் சுற்றியமர்ந்து கேட்கும் பத்திரிகை எத்தகைய வலிமை உடையதென்பதை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. மறு ஆண்டு இருவரும் கூடி, குடியரசும் சமூக நீதியும் வேண்டுவோர் அனைவரையும் ஒன்றுசேர்த்து ஒரு செயற்குழு அமைத்தனர். அதில் பொதுவுடைமையாளர் மட்டுமன்றி ஆசிரியர், எழுத்தர், சிறு வியாபாரிகள் எனப் பலரும் இருந்தனர். அவ்வாண்டுத் தேர்தல்களில் பெண்டிரும் முதன்முறையாக வாக்களித்தனர். வெர்ழேஸ் சேன் தெனியின் மேராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். நகரத் தலைவரை மேர் என்பது புதுவை வழக்கு. அக்டோபரில் அவரும் லெப்பெர்வான்ஷும் தீவின் இரு பிரதிநிதிகளாகப் பாரிசுச் சபைக்குச் சென்று பொதுவுடைமையாளர் வரிசையில் அமர்ந்தனர்.

அங்கே அவர் செய்த செயலே அவர் பெயரை நிறுத்தியது. மர்த்தினிக்கின் பிசோல், குய்யானாவின் மொனெர்வில், ரெயூனியனின் இவ்விருவர், இவர்கள் தத்தம் நாட்டின் பொருட்டுத் தனித்தனியே மசோதாக்கள் கொணர்ந்தனர். மர்த்தினிக் கவிஞர் எமே செசேர் அவற்றையெல்லாம் தொகுத்துச் சபைக்கு எடுத்துரைத்தார். 1946ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. குவதலூப், மர்த்தினிக், குய்யானா, ரெயூனியன் ஆகிய நான்கும் குடியேற்ற நாடுகள் என்னும் நிலை நீங்கி, பிரான்சின் மாவட்டங்கள் ஆயின.

ஈண்டு நம் வாசகர்க்கு ஓர் ஐயம் எழும். அதே 1946ஆம் ஆண்டில் பாரதநாடு அந்நியரை வெளியேற்றும் தறுவாயில் இருந்தது. வியத்நாமிலோ, வெர்ழேஸின் மனைவியார் நாட்டிலே, பிரெஞ்சுக்காரரை எதிர்த்து ஆயுதப் போர் மூண்டுகொண்டிருந்தது. அவ்வாறிருக்க, பொதுவுடைமையாளரான இவர் விடுதலை வேண்டாமல், பிரான்சோடு இன்னும் இறுகப் பிணைக்கும் சட்டத்தைக் கேட்டது முறையோ? முன்னர் நினைவிற் கொள்ளுமாறு கூறிய செய்தி இங்கே பயன்படும். அத்தீவில் பிரெஞ்சுக்காரர்க்கு முற்பட்ட குடிகள் இல்லை. அங்குள்ளோர் பல கண்டங்களினின்றும் வந்து கலந்தவர்கள். அவர்கள் கண்ட பகைவர் தொலைவில் உள்ள பாரிசு அன்று. கண்ணெதிரே நிற்கும் ஆலை முதலாளியும், அவர் விருந்துக்குச் செல்லும் கவர்னருமே. பாரிசில் தொழிலாளர் வென்ற சட்டங்கள், நோய்க்கால உதவி, முதுமைக்கால உதவி, பிள்ளைகளுக்கான உதவித்தொகை ஆகியன தம் தீவுக்கும் வந்துவிட்டால் அவையே கேடயம் ஆகும் என அவர் கருதினார். இது குறுகிய நோக்கு என்று பின்வந்தோர் சிலர் குறை கூறினர். குழந்தைகள் மடிவதைக் கண்ணாற் கண்ட வைத்தியர் விரைவில் கிட்டும் மருந்தை நாடினார் என்றே நாம் கொள்கிறோம்.

இனி, மறைக்கலாகாத ஒரு செய்தி. சங்கப் பத்திரிகைகளில் வரும் சரிதங்கள் குற்றங்களை விடுத்துக் குணங்களையே கூறுவது வழக்கம். நாம் அதற்கு இசையோம். 1946ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேர்தலில் வெர்ழேஸை எதிர்த்து நின்றவர் அலெக்சி தெ வில்னேவ். மே 25ஆம் நாள் மாலை, சேன் தெனி நகரத்து மாதாகோயிலின் எதிரே கூட்டம் கலகமாக மாறியபொழுது அவர் சுடப்பட்டு இறந்தார். துப்பாக்கி வெர்ழேஸுடையது. குற்றம் சாட்டப்பெற்றவர் போர்முனையினின்றும் மீண்டிருந்த மைந்தர் பவுல். தீவில் இருபுறமும் கொதித்தமையால் வழக்கு பிரான்சு தேசத்து லியோன் நகருக்கு மாற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டு, கொல்லும் நோக்கமின்றி மரணம் விளைத்தார் எனத் தீர்ப்பாகி, ஐந்தாண்டுத் தண்டனை விதித்து அதனை நிறுத்தி வைத்தனர். பின்னர் பொது மன்னிப்பும் கிடைத்தது. பவுல் தம் கை சுடவில்லை என்றே கூறிவந்தார். எது எவ்வாறாயினும் ஒரு மனிதர் உயிர் போயிற்று. அவர்க்கும் குடும்பம் இருந்தது. தேர்தலில் வெர்ழேஸும் லெப்பெர்வான்ஷும் வென்றனர். அவ்வெற்றியைக் கூறும்போது அம்மாதாகோயில் வாயிலையும் உடன்கூறாமல் விடுதல் நேர்மையன்று.

1947ஆம் ஆண்டில் முன்னைய செயற்குழுவின் இடத்தில் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியின் ரெயூனியன் கிளை அமைந்தது. பெரிய கட்சி ஒன்றின் சிறு கிளையாக இருப்பதன் நன்மையும் தீமையும் இங்கே நன்கு விளங்கும். பாரிசில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளை உடைய கட்சி அது. இத்தீவின் இரு பிரதிநிதிகள் தனித்து எழுந்து கேட்பாராயின் எவரும் செவிசாயார். அக்கட்சியின் பெயரால் எழுந்தபொழுது மந்திரிகள் விடை கூறவேண்டியதாயிற்று. வழக்கறிஞரும், அச்சுக்குரிய உதவியும், பயிற்சியும் கிடைத்தன. ஆயின் அவ்வாண்டு மே மாதமே பொதுவுடைமை மந்திரிகள் பிரெஞ்சு மந்திரிசபையினின்றும் நீக்கப்பட்டனர். உலகம் இருகூறாகப் பிரிந்தது. பாரிசில் வீசிய குளிர்காற்று, கரும்புக் கொல்லையில் நிற்கும் கூலியையும் நடுங்கச் செய்தது. கவர்னர் சென்று பிரெபே என்னும் மாவட்ட அதிகாரி வந்தார். அவர்க்கு வெர்ழேஸின் கிளை அரசுக்குப் பகையான கட்சியின் கிளையாகவே தோன்றிற்று. கூலி கேட்டு நின்றவர்களும் அயல்நாட்டுக் கட்டளைக்கு ஆடுவோர் என்று தூற்றப்பட்டனர். முன்னர்க் கூடியிருந்த நடுத்தர வகுப்பார் பலர் விலகினர். அடுத்த ஆண்டு சனவரியில் பெரும்புயல் ஒன்று தீவை அழித்தது. எல்பூரில் வைத்தியர் பணிபுரிந்த காலத்தில் பெயர்பெற்றிருந்த வெந்நீர் ஊற்றுகளும் அதில் தூர்ந்தன.

சட்டம் தந்த வாக்கும் கைக்கு எட்டவில்லை. மாவட்டம் ஆன பின்னும் நாணயம் வேறு, கூலி வேறு, உதவித்தொகை வேறு. அரசு அலுவலர்க்கு மட்டும், அதுவும் 1953ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர், ஊதியம் பிரான்சில் உள்ளதனினும் மிக்கதாயிற்று. தோட்டக் கூலியின் நிலை பெரிதும் மாறவில்லை. ஒரே சட்டத்தால் ஒரு தெருவில் மாடமும் மறுதெருவில் குடிலும் எழுந்தன. வெர்ழேஸ் சபையில் மீண்டும் மீண்டும் எழுந்து, கொடுத்த சொல்லைக் கேட்டு வாதித்தார். ஆண்டுகள் கழிந்தன, அவருக்கு எழுபது கடந்தது. 1955ஆம் ஆண்டு அவர் பிரதிநிதிப் பதவியினின்றும் விலகினார். பவுல் 1954ஆம் ஆண்டு தீவுக்கு மீண்டு, 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் தந்தையின் இடத்துக்குச் சென்றார். தந்தைக்குப் பின் மைந்தர் என்னும் முறை பொதுவுடைமைக் கட்சிக்கு ஒவ்வுமோ என்று நகைத்தவர்களும் உண்டு. நகைப்பில் நியாயம் இல்லாமலில்லை.

தமிழாசிரியராகிய எமக்கு வேறொரு குறை தோன்றுகிறது. கட்சியின் மேடைமொழி பிரெஞ்சு. தெருவின் மொழி கிரெயோல். சமத்துவம் வேண்டி நின்றோர் பள்ளி வேண்டினர். பள்ளி பிரெஞ்சைத் தந்தது. சேன் அந்திரேயில் கோயிற் பாட்டுகளைப் பொருள் அறியாது நெட்டுருவாக ஓதும் நிலைக்கு நம்மவர் வந்தனர். இக்குறையை வெர்ழேஸ் ஒருவர் மேல் ஏற்றுதல் தகாது. வயிற்றுக்குப் போராடியவரை நாவுக்குப் போராடவில்லை என்று பழித்தல் எளிது.

பின்னாளில் சேன் அந்திரேயின் மேராகவும் அவர் இருந்தார். 1957ஆம் ஆண்டு ஜூலையில், எழுபத்தைந்தாம் பிராயத்தில், அவ்வூரிலேயே காலமானார். அவர் மறைந்து ஈராண்டுக்குள், 1959ஆம் ஆண்டு மே மாதம் லெ போர் நகரில் கூடிய மாநாட்டிலே, பவுலின் தலைமையில் கிளை தன்னைக் கலைத்துக்கொண்டு ரெயூனியன் பொதுவுடைமைக் கட்சி என்னும் தனிக் கட்சியாயிற்று. மாவட்டம் என்னும் நிலை பயன் தரவில்லை, தன்னாட்சி வேண்டும் என்பது அதன் கோரிக்கை. தந்தை கட்டியதை மைந்தர் இடித்தார் எனச் சிலரும், தந்தை வேண்டிய பயனை மைந்தர் வேறு வழியால் தேடினார் எனச் சிலரும் கூறுவர். லெப்பெர்வான்ஷ் 1961ஆம் ஆண்டு இறந்தார். ழாக் புகழும் பழியும் ஒருங்கே பெற்ற வழக்கறிஞராகி 2013ஆம் ஆண்டிலும், பவுல் 2016ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

ரெயூனியன் தொழிலாளியின் குறைந்த அளவுக் கூலி பிரான்சுத் தொழிலாளியின் கூலிக்குச் சமமானது 1996ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். சட்டம் நிறைவேறி ஐம்பது ஆண்டு நிரம்ப மூன்று திங்கள் குறைவாக இருந்தது. சேன் அந்திரேயில் வைத்தியர் இருந்த மேர் பதவியில் 1972ஆம் ஆண்டு தமிழ் வழியினர் ஒருவர் அமர்ந்தார். அவர் ழான் பவுல் வீராப்பிள்ளை. பொதுவுடைமையாளரை எதிர்க்கும் அணியினர். 2003ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பைத் திருத்தியபொழுது, தீவின் சட்டம் பிரான்சின் சட்டத்தினின்றும் வேறுபடலாகாது என்னும் விதியைப் புகுத்தியவர் அவரே. வெர்ழேஸ் 1946ஆம் ஆண்டில் கேட்ட சமநிலையை, அவர் மைந்தரின் கட்சிக்கு எதிராக நின்று, அவருடைய நோயாளிகளின் வழிவந்த ஊராரின் தலைவர் ஒருவர் காத்து வாதித்தார்.